பெட்டிகளின்மேல் திருநீறு

எங்கள் கம்பெனியின் கிடங்கு விதிகளில் பதினோராவது விதி இது: 'ஆயுத பூசையன்று கருவிகளுக்கு மட்டுமே பூசை செய்யலாம். அனுப்புவதற்காகக் கட்டி வைத்த சரக்கின்மேல் எதுவும் பூசலாகாது.' இப்போது அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு இந்த விதி ஏன் வந்தது என்று தெரியவில்லையாம். ஊழியர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு அதைப்பற்றி எழுதித் தரும்படி சென்ற மாதம் இருவர் மயிலாப்பூருக்கு என் வீடு தேடி வந்து கேட்டார்கள். விதிக்குக் காரணமானவன் நான். அதை எழுதியவர் என் மேலதிகாரியாக இருந்த நாயுடு. அது எழுதப்படுவதற்கு முன் வேலையை இழக்க இருந்தவர் காதர் மேஸ்திரி. நடந்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். ஆனால் நடந்தது எதனால் என்பதில் எனக்கு அன்றும் தெளிவு இருந்ததில்லை. ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் அது வந்து சேரவில்லை. படிப்பவர்கள் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் தந்தையார் கோயிலில் பதிகம் ஓதியவர். எழுத்து படிப்பதற்கு முன்பே எனக்குப் பாட்டு மனப்பாடமாகிவிட்டது. பதினாறாம் வயதில் குரல் உடைந்தது. உடைந்தது பிறகு கூடவேயில்லை. அதனால் கோயிலுக்குப் போக வேண்டியவன் கம்பெனிக்குப் போனேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் நகல் எழுதும் குமாஸ்தாவாகச் சேர்ந்து, ஐந்தாண்டுகள் பிறர் எழுதிய கடிதங்களையே திரும்ப எழுதினேன். அந்த ஐந்தாண்டுகளில் எடைச்சீட்டு, ரயில்வே ரசீது, சரக்கு ரயில்பெட்டியாகிய வாகன் கேட்டு விண்ணப்பம் ஆகியவை தாமாகவே கைக்கு வந்துவிட்டன. பிறகு என்னைச் சரக்கு அனுப்பும் பகுதிக்கு மாற்றினார்கள். முப்பதுகளின் தொடக்கம் என்று நினைவு.

கம்பெனி கையாண்ட சரக்கு மாட்டுத்தொழுவச் சாமான்கள். சீமையிலிருந்து கப்பலில் வந்து இறங்குபவற்றை நாங்கள் பிரித்துக் கட்டி, தெற்கேயுள்ள பண்ணைகளுக்கு ரயிலில் அனுப்புவோம். அவற்றுள் முதன்மையானது கழுத்துப்பூட்டு. இரண்டு இரும்புக் குழாய்களை நெட்டாக நிறுத்திய சட்டம் அது. பசு தீனிக்குத் தலையை நீட்டியதும் ஒரு குழாயைச் சாய்த்துப் பூட்டிவிட்டால், பசு நிற்கலாம், படுக்கலாம், பின்வாங்க முடியாது. அடுத்தது தண்ணீர்க் கிண்ணம். வார்ப்பிரும்பால் ஆனது, உள்ளே ஒரு நாக்கு இருக்கும், பசு மூக்கால் அதை அழுத்தினால் தண்ணீர் ஊறும். நாள்தோறும் காலையில் பசு தரும் ஆனைந்தில் ஆடும் பெருமானைத் தொழுதுவிட்டுப் பத்து மணிக்குப் பசுவின் கழுத்தைப் பூட்டும் இரும்பை எண்ணிக்கொண்டிருப்பது முறைதானா என்று எனக்கு ஐயம் உண்டாயிற்று. தந்தையாரிடம் கேட்டேன். 'பூட்டுவதற்கு மாடு என்ன சொல்கிறது?' என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். எனக்கு விளங்கவில்லை.

கிடங்கு மாம்பலம் ரயிலடிக்கு அருகில் இருந்தது. தியாகராய நகர் அப்போதுதான் தெருத் தெருவாக எழுந்துகொண்டிருந்தது. ஏரியைத் தூர்த்த இடமாகையால், ஒரு மழை பெய்தாலும் கிடங்கின் தரை பழைய ஏரியை நினைத்துக்கொண்டு கசியும். ஆகவே பெட்டிகளைத் தரையில் வைக்காமல், கழித்துக்கட்டிய தண்டவாளக் கட்டைகளின்மேல் அடுக்குவோம். ஏற்றுவதும் இறக்குவதும் காதர் மேஸ்திரியின் பொறுப்பு. அவர் ஐஸ் ஹவுஸ் பக்கத்துக்காரர், நெடிய மனிதர், தலையில் எப்போதும் ஒரு துண்டு. அவரிடம் பன்னிரண்டு ஆட்கள். கடல் சீறும் ஐப்பசி, கார்த்திகையில் கட்டுமரம் போகாது என்பதால், அந்த மாதங்களில் அவர்களுள் பாதிப்பேர் நொச்சிக்குப்பத்து மீனவர்களாக இருப்பார்கள். எல்லப்பன் என்பவன் அவர்களுக்கு முன்னால் நிற்பான்.

கட்டும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கழுத்துப்பூட்டுகளை நந்நான்காக எதிரெதிரே படுக்கவைத்து ஒரு பெட்டியில் அடைப்போம். கிண்ணங்கள் எட்டெட்டாக வைக்கோலுக்குள் போகும்; கீழே விழுந்தால் தேங்காய்போல உடையும் சரக்கு அது. நீளமான தூண்குழாய்களைக் கம்பியால் கட்டி மரச்சீட்டுத் தொங்கவிடுவோம். திருகாணிகளுக்குக் கோணிப்பை. பெட்டியின் நீண்ட பக்கங்களில் பெறுபவரின் பெயரையும் ரயிலடியின் பெயரையும் ஆங்கிலத்தில் கறுப்பு வர்ணத்தால் எழுதுவது என் வேலை. ஆனால் ஏற்றும் ஆட்களுக்கு அந்த எழுத்து உதவாது. அதனால் பெட்டியின் முகப்பலகையில் சுண்ணாம்பால் ஒரு குறி போடுவோம். ஒருவருக்கு வட்டம், ஒருவருக்குப் பெருக்கல் குறி, ஒருவருக்கு முக்கோணம். சரக்கு கைமாறினால் பழைய குறியை அழிக்கமாட்டோம். அதன்மேலேயே புதுக்குறியைப் போட்டுவிடுவோம். மேலே இருப்பது எதுவோ அதுவே செல்லும். இதை ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நானே.

குறிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எனக்கு இருந்தது. தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து ஒரு சைவமடம் தன் பசுமடத்துக்குச் சாமான் கேட்டபோது, கிடைமட்டமாக மூன்று கோடுகள் போட்டேன். மடத்துக்கு அது பொருத்தம் என்று தோன்றியது. ஆட்கள் அந்தப் பெட்டிகளைத் தூக்கும்போது மட்டும் 'பார்த்து, பார்த்து' என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்கள். திருக்குறியை முகவரியாக்கலாமா என்று தந்தையார் கேட்டிருப்பார். அவரிடம் நான் சொல்லவில்லை.

நாயுடுவைப்பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் தலைமைக் குமாஸ்தா. நெற்றியில் திருமண் வெள்ளையும் சிவப்பும் கலையாமல் மாலைவரை இருக்கும். குரலை உயர்த்தி ஒருமுறைகூடப் பேசியதில்லை. ஒரு பிழை நேர்ந்தால், பிழை செய்தவனைத் தம் மேசைக்கு எதிரே உட்காரவைப்பார். நிற்கவிடமாட்டார், நின்றால் மனிதன் பொய் சொல்வான் என்பது அவர் எண்ணம். ஒரே கேள்வியை ஒரே சொற்களில் மூன்று முறை கேட்பார். மூன்று விடைகளும் ஒன்றாக இருந்தால்தான் பேனாவை எடுப்பார். "முதல்ல கண்ணால பார்த்ததைச் சொல்லு, பிள்ளை. நெனைச்சதை அப்புறம் சொல்லலாம். ரெண்டையும் கலந்து சொன்னா எனக்கு எழுத வராது" என்பார். இரண்டையும் பிரிப்பது எவ்வளவு கடினம் என்பதை நான் அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்துதான் அறிந்தேன்.

அந்த ஆண்டு புரட்டாசிக் கடைசியில் இரண்டு சரக்குகள் ஒன்றாகச் சேர்ந்தன. மடத்துக்கு இருபத்துநான்கு பசுக்களுக்கான சாமான். ஒன்பது பெட்டிகள், மூன்று கோடு. கொடைக்கானல் மலையில் பால்பண்ணை வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரருக்கு முப்பத்திரண்டு பசுக்களுக்கான சாமான். பன்னிரண்டு பெட்டிகள், வட்டம். தவிர அவரவருக்குரிய குழாய்க் கட்டுகளும் கோணிப்பைகளும். மலைக்காரரின் பசுக்கள் ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டன. கொட்டகை எழும்பவேண்டியதுதான் பாக்கி என்று அவர் கடிதத்துக்குமேல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கட்டி முடித்தோம். விசயதசமியன்று காலை வாகன்கள் கிடைக்கும் என்று ரயிலடியில் சொன்னார்கள்.

முதல்நாள் மாலை கிடங்கில் ஆயுத பூசை நடந்தது. தராசு, தள்ளுவண்டி, சுத்தியல்கள், ஆணிச்சட்டி எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்தார்கள். தாம்பாளத்தில் குழைத்த திருநீறும் சந்தனமும் குங்குமமும் இருந்தன. காதர் மேஸ்திரி வழக்கம்போலத் தூணருகே கைகட்டி நின்றார். பூசையில் கலந்துகொள்ளமாட்டார், பொரிகடலை வாங்காமல் போகவுமாட்டார். நாயுடு வந்து, கற்பூரம் காட்டியதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பெட்டி அடுக்கைச் சுற்றி ஒருமுறை நடக்கத் தொடங்கினார். நான் பாடினேன். உடைந்த குரலானாலும் கிடங்கில் அன்று ஒருநாள் அதற்கு அனுமதி உண்டு. கண்ணை மூடிக்கொண்டு பாடினால் எனக்கு இடம் தெரியாமல் போகும். தாம்பாளம் என் கையிலும் இருந்தது, பிறர் கையிலும் இருந்தது. கண்ணைத் திறந்தபோது பூசை முடிந்திருந்தது. பூசணிக்காய் உடைந்து கிடந்தது.

மறுநாள் ஏற்றினோம். முழு வாகனை எடுத்துக்கொள்பவன் தன் சரக்கைத் தானே எண்ணி ஏற்றிக்கொள்ள வேண்டும். ரயில்வே ரசீதில் 'அனுப்புபவர் சொன்ன எண்ணிக்கை' என்றே எழுதுவார்கள். ஏற்றும்போது வாகன் கதவருகே நின்று ஒவ்வொரு பெட்டியின் பக்க எழுத்தையும் படிக்க வேண்டியவன் நான். நான் படிக்கவில்லை. மொத்தம் இருபத்தொரு பெட்டிகளும் கிடங்கைவிட்டு வெளியே போனதை எண்ணினேன், சரியாக இருந்தது. கையெழுத்திட்டேன்.

பத்து நாள் கழித்துக் கிடங்கு வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. கழுத்தில் உருத்திராக்கமும் தோளில் சரிகைத் துண்டுமாக ஒருவர் இறங்கினார். மடத்தின் காரியஸ்தர். அவருக்குப் பின்னால் வண்டிக்காரன் ஒரு பெரிய தட்டைச் சுமந்துவந்தான்.

"துரையவர்களைப் பார்க்கணும். சாமி பிரசாதம் கொண்டாந்திருக்கேன்" என்றார்.

நாயுடு எழுந்து நாற்காலி கொடுத்தார். "என்ன விசேஷங்க?"

"விசேஷமா? செஞ்சுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்கிறீங்களே! நாங்க கேட்டது இருபத்துநாலு மாட்டுக்கு. நீங்க அனுப்பினது அம்பத்தாறுக்கு. மிச்சம் கம்பெனி உபயம்னதும் எங்க சன்னிதானத்துக்கு அப்படி ஒரு சந்தோஷம். வெள்ளைக்காரன் கம்பெனிக்குள்ளயும் சிவன் இருக்கான்னுட்டாங்க."

நாயுடு என்னைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "உபயம்னு யார் எழுதினா?" என்று கேட்டார்.

"எழுதணுமா? அத்தனை பெட்டிக்கும் திருநீறு பூசியில்ல அனுப்பியிருக்கீங்க!"

"ஐயா, அது உபயமில்லீங்க. வேற ஒருத்தர் சரக்கு. தப்பி வந்திருக்கு. திருப்பி அனுப்பணும்."

காரியஸ்தரின் முகம் மாறிற்று. "சன்னிதியில வச்சு எடுத்தாச்சு. நீறு பூசி வந்ததைத் துடைச்சுட்டு அனுப்புன்னா, எந்தக் கைங்க துடைக்கும்? நீங்க திருமண் போட்டவரு, உங்களுக்கு இது சாதாரணமா இருக்கலாம்."

"அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றார் நாயுடு. அவர் குரல் அப்போதும் உயரவில்லை. ஆனால் பேனாவைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

இந்தப் பேச்சின் நடுவில்தான் தந்திச் சேவகன் வந்தான். மலையிலிருந்து தந்தி. தூண்களும் திருகாணிகளும் வந்தனவாம். பூட்டும் கிண்ணமும் ஒன்றுகூட இல்லையாம். மாடுகள் கித்தான் துணியின்கீழ் மழையில் நிற்கின்றனவாம். நாயுடு அதை எனக்குப் படித்துக் காட்டினார். நான் காரியஸ்தரிடம் தமிழில் சொன்னேன்.

"மாடுன்னா? எருமையா?"

"பசுங்க. முப்பத்திரண்டு. பூட்டு இல்லாம கொட்டகைக்குள்ள கட்ட முடியலையாம்."

"சினை மாடு உண்டா?"

"நாலு இருக்குன்னு முன்னாடியே எழுதியிருந்தாரு."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "இதை முதல்ல சொல்லப்படாதா? என்னை உக்காரவச்சு உபயமா இல்லையான்னு வழக்காடிக்கிட்டு இருக்கீங்களே! தந்தி ஆபீசு எந்தப் பக்கம்? இன்னிக்கே ஏத்தச் சொல்றேன்." துண்டை உதறிப் போட்டுக்கொண்டு ஜட்காவில் ஏறினார். பிரசாதத் தட்டு நாயுடுவின் மேசையிலேயே இருந்தது. அதை எடுத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

பெட்டிகள் மலையடிவாரம் போய்ச் சேர ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் சினைப்பசு ஒன்று குளிர் தாங்காமல் இறந்துவிட்டது என்று கடிதம் வந்தது. திருநீறு பூசியதால் ஒரு பசு இறக்குமா? இறக்காது என்று நான் கற்ற பாட்டெல்லாம் சொல்லின. இறந்தது என்று கடிதம் சொல்லிற்று. இரண்டையும் நான் நம்பினேன்.

கம்பெனியை நடத்திய வெள்ளைக்காரத் துரை முடிவெடுக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. ஏற்றியது யார்? மேஸ்திரி. ஆகவே மேஸ்திரியும் அவர் ஆட்களும் மாத முடிவோடு வேலையிலிருந்து நிற்க வேண்டும். வேறு காரணம் இருந்தால் நாயுடு அதற்குள் விசாரித்து எழுதலாம். நாயுடு மலைக்கு எழுதி, அங்கே போய்ச் சேர்ந்த பெட்டி ஒன்றின் முகப்பலகையை மட்டும் கழற்றி வரவழைத்தார். பலகை மேசைமேல் கிடந்தது. நான் போட்ட சுண்ணாம்பு வட்டம். அதற்குமேல் மூன்று விரல்களால் இழுத்த மூன்று கோடுகள்.

மேஸ்திரியும் எல்லப்பனும் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். எல்லப்பன் அதுவரை நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை போலும், விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"ஏன் மாத்தி ஏத்துனே?" என்றார் நாயுடு.

"நான் எங்க மாத்துனேன் நாயுடுகாரு? வட்டம் போட்டுக்கீது. அதும்மேல பட்டை போட்டுக்கீது. மேல இருக்கிறதுதான் செல்லும்னு யாரு சொல்லிக்குடுத்தது? இதோ, இந்த சாமிதான்" என்றார் மேஸ்திரி.

"சுண்ணாம்புக்கும் திருநீறுக்கும் வித்தியாசம் தெரியாதா?"

"என்னைப் பார்த்தா கேக்கறீங்க? நான் ரெண்டுல எதை நெத்தியில பூசிக்கினு திரியறேன்?"

எல்லப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "காஞ்சிட்டா ரெண்டும் வெள்ளதான் நைனா. நாங்க இன்னா நக்கியா பார்க்க முடியும்? சரக்கு கைமாறிட்ச்சி போலன்னுதான் எல்லாத்தையும் ஒரே வண்டியில தள்ளினோம்" என்றான்.

"பூசினது யாரு?"

நாயுடு இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்டார். பிறகு பலகையைத் திருப்பிவைத்து, ஒவ்வொருவராக மூன்று விரல்களையும் கோடுகளின்மேல் வைக்கச் சொன்னார். எல்லப்பனின் விரல்கள் பொருந்தின. மேஸ்திரியின் விரல்கள் பொருந்தின. என் விரல்களை வைத்தேன்; அச்சில் வார்த்ததுபோலப் பொருந்தின. கடைசியில் நாயுடு தம் விரல்களையும் வைத்துப் பார்த்தார். அவையும் பொருந்தின. அவர் கைக்குட்டையை எடுத்து விரல் நுனிகளைத் துடைத்துக்கொண்டார். "எவன் வச்சாலும் இப்படித்தான் இருக்கும். இதை வச்சு ஒண்ணும் எழுத முடியாது" என்றார்.

மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. மாலையில் லஸ் முனையில் என் வழியை மறித்துக்கொண்டு மேஸ்திரி நின்றார். மழை விட்டுவிட்டுத் தூறியது, தலைத்துண்டு நனைந்திருந்தது.

"சாமி, நாயுடுகாரு நாளைக்கு உங்களைக் கேக்கப் போறாராமே. நீங்க இன்னா சொல்லப் போறீங்க?"

"எனக்குத் தெரியலையே, மேஸ்திரி. நான் கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன்."

"தெரியலன்னு சொல்லிடுங்க. நல்ல பதில்தான். ஆனா ஒண்ணு, நீங்க தெரியலன்னா நான் போயிட்டேன்னு அர்த்தம். என்கூடப் பன்னெண்டு பேரு. அவனுங்களுக்கு இப்ப கடலும் கெடையாது." தலைத்துண்டைப் பிழிந்துவிட்டு, "பொய் சொல்லச் சொல்லல. உங்க சாமி மேல ஆணையா கேக்கல. தெரிஞ்சதைச் சொல்லுங்க, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுத் திருவல்லிக்கேணிப் பக்கம் நடந்தார்.

எனக்குத் தெரிந்தது எது என்பதுதானே என் குழப்பம். 'நானே பூசினேன்' என்று சொல்லிவிடலாம். அது மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். மெய்யா பொய்யா என்று தெரியாத ஒன்றைச் சொல்வது எதில் சேரும்? கோயிலில் நின்று கேட்டேன். நூற்றுக்கணக்கான பாட்டுகள் தெரிந்தவனுக்கு அன்று ஒரு வரியும் வழி காட்டவில்லை. குருக்கள் திருநீறு கொடுத்தார். வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டபோது, எதிரே நின்ற அடியவர்களின் நெற்றிகளில் அது வரிசையாக வெளுத்துத் தெரிந்தது. கண்ணுக்கு இதமாக இருந்தது. அந்த இதம் எனக்குப் பழக்கமானதாகப் பட்டது. எங்கோ அண்மையில், இதே போல, வரிசையாக.

மறுநாள் நாயுடுவின் எதிரே உட்கார்ந்தேன்.

"பூசினதை நீ பார்த்தியா?"

"பூசினதைப் பார்க்கலைங்க. பூசியிருந்ததைப் பார்த்தேன்."

அவர் பேனாவை எடுக்கவில்லை. "எப்ப?"

"விசயதசமி காலையில. ஏத்தறதுக்கு முன்னாடி. கோயில்லேருந்து நேரா வந்தேன். கதவைத் திறந்ததும் வெயில் உள்ளே விழுந்துது. இருபத்தொரு பெட்டியும் பட்டை போட்டுக்கிட்டு நின்னுது. பார்த்தேன்."

"பார்த்துட்டு என்ன செஞ்சே?"

"சந்தோஷப்பட்டேன்."

அவர் அதே கேள்வியை மறுபடி கேட்டார். நான் அதே விடையைச் சொன்னேன். மூன்றாம் முறையும் கேட்டார். "பார்த்துட்டு என்ன செஞ்சே, பிள்ளை?"

"சந்தோஷப்பட்டேங்க. அடியார் கூட்டம் மாதிரி இருந்துது. எழுத்தைப் படிக்கணும்னே தோணலை. வட்டம் மறைஞ்சுபோச்சேன்னும் தோணலை."

"கவனிக்கலைன்னு எழுதட்டுமா?"

"கவனிச்சேனே. கவனிச்சதாலதானே சந்தோஷம் வந்துது."

நாயுடு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நான் இதைத் துரைக்கு இங்கிலீஷ்ல எப்படிய்யா சொல்லுவேன்?" என்றார். கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு எழுதத் தொடங்கினார். என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை. குறிகள் யாவும் ஒன்றாக மாறியிருந்ததை ஏற்றுமுன்பே கண்டும் பக்க எழுத்தைச் சரிபார்க்காமல் கையெழுத்திட்டவன் அனுப்பும் குமாஸ்தாவே, மேஸ்திரி தமக்குச் சொன்ன விதிப்படியே ஏற்றினார் என்று அதில் இருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். சந்தோஷம் அதில் இடம் பெற்றதா என்று தெரியாது.

மேஸ்திரியும் அவருடைய ஆட்களும் வேலையில் நீடித்தார்கள். என்னை மறுபடியும் நகல் எழுதும் மேசைக்கு அனுப்பினார்கள். மூன்றாண்டுகள் அங்கே இருந்தேன். பதினோராவது விதியை நாயுடு எழுதி, அதன் நகலை எடுக்க என்னிடமே கொடுத்தார். மூன்று கோட்டுக் குறியையும் நிறுத்திவிட்டார்கள். மேஸ்திரி எனக்கு நன்றி சொல்வார் என்று மனத்தின் ஒரு மூலையில் எதிர்பார்த்தேன். அவர் சொன்னது, "இவ்ளோ நாளு இதை எங்க வச்சிருந்தீங்க சாமி? என் வீட்ல ரெண்டு வாரமா ஒருத்தரும் சரியா சாப்பிடல" என்பதுதான். நியாயமான கேள்வி.

பூசியவர் யார் என்பது இதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. சில ஆண்டுகள் கழித்து எல்லப்பன் கிடங்கு வேலையை விட்டுக் கடல்தொழிலுக்கே போய்விட முடிவுசெய்து, சொல்லிக்கொள்ள வந்தான். போகிறபோது, "நைனா, அன்னிக்கி பெட்டிக்குப் பூசினது நான்தான். தாம்பாளத்துல மீந்துபோச்சி, கீழே கொட்டக்கூடாதேன்னு பூசிட்டேன். சொல்ல பயம்" என்றான். நான் நிம்மதியடைந்தேன். அடுத்த ஆண்டே காதர் மேஸ்திரி நோயுற்றுக் கிடந்தபோது பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பசங்க கேட்டானுங்க சாமி, பெட்டிக்கும் பூசலாமான்னு. எல்லாம் பத்திரமா போய்ச் சேரட்டும்னு நானே தாம்பாளத்தை எடுத்துக் குடுத்து, முதல் பெட்டிக்கு நானே வச்சேன். உங்க ஆளு வைக்கிறமாதிரி மூணு வெரல்ல. அப்புறம் மத்ததுக்கும் வச்சிட்டேன்" என்றார். எல்லப்பன் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஆனால் என் நிம்மதி போய்விட்டது.

நாயுடு ஓய்வு பெற்ற அன்று எல்லோரும் போனபிறகு என்னை எதிரே உட்காரச் சொன்னார். "பெட்டியைச் சுத்தி நடந்தேனே, ஞாபகமிருக்கா? நீ பாடினது அன்னிக்கு என்னமோ பண்ணிடுச்சு. தாம்பாளம் பக்கத்துல இருந்தது. நான்தான்யா பூசினேன்" என்றார். திருமண் அணிந்த நெற்றி வேர்த்திருந்தது. மூன்று முறை கேட்டால்தான் அவர் எதையும் நம்புவார். நான் ஒருமுறைகூடக் கேட்கத் துணியவில்லை.

மூவருள் ஒருவர் மெய் சொன்னார். மற்ற இருவரும் என் பாரத்தைக் குறைக்க அன்பினால் பொய் சொன்னார்கள் என்று கொள்ளலாம். யார் எது என்று பிரிக்க எனக்கு வழியில்லை. மூவர் சொன்னதும் மெய்யானால் ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்பது கோடுகள் இருந்திருக்க வேண்டும். கண்ணை மூடிப் பாடிய என்னையும் சேர்த்தால் பன்னிரண்டு. அன்று காலை கதவைத் திறந்தபோது நான் கண்டவை மூன்றே.